அத்தை கேதத்துக்கு நான் காசு கேட்டேன்

அத்தை போய் இன்னையோட 22 நாள். பதினாறு முடிஞ்சு வந்தவங்க எல்லாம் கெளம்பிப் போயி இப்பதான் உக்காந்து எழுத தெம்பு வந்திருக்கு. நீளமா இருக்கும், படிங்க.

எங்கப்பாவோட கூடப்பொறந்த தங்கச்சி அவங்க. திருமங்கலத்துலேர்ந்து உள்ள தள்ளி ஒரு கிராமம். 54 வயசு, அதுல 26 வருஷம் சித்தாள் வேலை. காலைல நாலரைக்கு எந்திரிச்சு சோறு வடிச்சு தூக்குவாளில போட்டுக்கிட்டு ஏழு மணிக்கெல்லாம் ஆள் கூப்பிடுற எடத்துல போயி நிக்கணும், மேஸ்திரி கூப்பிட்டா அன்னைக்குக் கூலி, கூப்பிடலன்னா பத்து மணிக்கு வெறுங்கையோட பஸ் ஏறி வரணும். நிமிந்தாள்னு சொல்ற ஆம்பளையாளுக்கு ஒரு கூலி, சித்தாளுக்கு அதுல கொறச்சு ஒரு கூலி, தூக்குறது என்னமோ அதே கலவைச் சட்டிதான். அந்தக் கூலில ரெண்டு பிள்ளைய வளத்து, மகளக் கட்டிக் குடுத்து, சாரத்துலேர்ந்து விழுந்து இடுப்பு போன மாமாவையும் பாத்துக்கிட்டாங்க. நான் காலேஜ் சேந்தன்னைக்கு "இந்தா மருமகனே வச்சுக்க"ன்னு முந்தில முடிஞ்சு வச்சிருந்த 800 ரூபாய எடுத்துக் குடுத்தாங்க, அந்த நோட்டுல சிமெண்டு வாசம் அடிச்சுச்சு.

ரேஷன் கடைல அவங்க கைரேகை விழாது. ஒவ்வொரு விரலா வச்சு வச்சு எடுப்பாங்க, மெஷின் கத்திக்கிட்டே இருக்கும், கடைக்காரரு தேங்கா எண்ணெய் தேச்சுட்டு வாங்கம்மாம்பாரு. சிமெண்டும் சுண்ணாம்பும் தின்னு ரேகையே இல்லாமப் போன விரலு. செத்தன்னைக்கு ரெண்டு கட்டைவிரலையும் சேத்துக் கட்டுனது நான்தான், அப்பதான் அவ்வளவு பக்கத்துல பாத்தேன், நுனியெல்லாம் கூழாங்கல்லு மாதிரி வழுவழுன்னு இருந்துச்சு.

விஷயத்துக்கு வர்றேன். புதன்கெழம சாயங்காலம் வேலைலேர்ந்து வந்து நெஞ்ச அடைக்குதுன்னாங்க, கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம், ராத்திரி ஒம்பது மணிக்கு முடிஞ்சு போச்சு. வாசல்ல நின்ன பிரைவேட் ஆம்புலன்ஸ்காரரு ஊருக்குக் கொண்டாந்து விட 4,500 கேட்டாரு, குடுத்தோம். அரசு ஆஸ்பத்திரில எறந்தவங்கள இலவசமா வீட்டுக்குக் கொண்டாந்து விடுற அமரர் ஊர்தி இருக்கு, 155377க்கு போன் பண்ணா வரும்னு எனக்கு மறுநாள்தான் ஒருத்தரு சொன்னாரு. அந்த நேரத்துல யாருக்குங்க புத்தி வேலை செய்யும். இதப் படிக்கிறவங்க அந்த நம்பர இப்பவே போன்ல ஏத்தி வச்சுக்கோங்க, உங்களுக்கு வேணாம், பக்கத்து வீட்டுக்கு ஒதவும்.

வீட்டுல இருந்த மொத்தக் காசு 1,700 ரூபா. மாமா கட்டுலப் புடிச்சுக்கிட்டு எந்திரிச்சு சட்டைய மாட்டுறாரு, எங்க மாமான்னா, வட்டிக்காரரப் பாத்துட்டு வந்துர்றேங்கிறாரு. பத்து வட்டி. நூத்துக்கு மாசம் பத்து ரூபா, 50 ஆயிரம் வாங்குனா மாசம் 5 ஆயிரம் வட்டி மட்டும், அத யாரு கட்டுறது, இடுப்பு போன மாமாவா, ஐடிஐ ரெண்டாவது வருஷம் படிக்கிற பயலா? கந்துவட்டி தடைச் சட்டம் 2003லயே வந்துருச்சு. ஆனா ராத்திரி பதினோரு மணிக்கு நம்ம ஊர்ல கட்டா காசு எடுத்து நீட்டுறது அந்த ஒரு ஆளுதான். நகைக்கடன் குடுக்குற எடமெல்லாம் அடைச்சாச்சு, அப்படியே தெறந்திருந்தாலும் வைக்க நகை வேணும்ல. மகளிர் குழுவுல கடன் வாங்கணும்னா கூட்டம் கூடி தீர்மானம் எழுதணும். கேதம் அதுவரைக்கும் காத்துக்கிட்டு இருக்காது.

நான் சொந்தக்காரங்க வாட்ஸப் குரூப்ல எழுதுனேன். "அத்தை தவறிட்டாங்க. நாளைக்கு மதியம் ரெண்டு மணிக்கு எடுக்குறோம். செலவுக்குக் கைல காசு இல்ல. மொய்யா செய்யணும்னு நெனக்கிறவங்க பதினாறு வரைக்கும் வச்சுக்காம இன்னைக்கே என் நம்பருக்கு ஜிபே பண்ணுங்க, கணக்கு இதே குரூப்ல போடுறேன்"னு. இவ்வளவுதான். அனுப்புறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் கை ஓடல, அது உண்மை.

அஞ்சு நிமிஷத்துல பெரியப்பா கூப்பிட்டுட்டாரு. "ஏன்டா, குடும்ப மானத்த இப்படி சந்தி சிரிக்க வச்சுட்டியே, உழைச்சுச் சாப்பிட்ட பொம்பள, அவ சாவுக்குக் கையேந்துறதா"ன்னாரு. ஒரு நிமிஷம் எனக்கும் சுருக்குன்னுதான் இருந்துச்சு. ஆனா அத்தை எத்தன கேத வீட்டுக்குப் போயி நூறும் எரநூறும் மொய் எழுதியிருப்பாங்கன்னு யோசிச்சுப் பாத்தேன். கூலி இல்லாத நாள்ல கூட பக்கத்து வீட்டுல கடன் வாங்கியாவது எழுதிட்டு வருவாங்க, கேத வீட்டுக்கு வெறுங்கையோட போகக்கூடாதும்பாங்க. அவங்க 26 வருஷமா ஊருக்குப் போட்டு வச்சத நான் அவங்களுக்காகத் திருப்பிக் கேட்டேன், இதுல எங்க பெரியப்பா மானம் போச்சு? பேராவூரணி, ஆலங்குடி, கீரமங்கலம் பக்கமெல்லாம் ஆடி மாசம் ஆனா பந்தல் போட்டு கறிச்சோறு போட்டு மொய் விருந்துன்னே நடத்துறாங்க, தேதி குறிச்சு பத்திரிக்கை அடிச்சு ஊரக் கூப்பிட்டு வாங்குறாங்க, அது கௌரவம். கல்யாணத்துக்கு வாங்கலாம், காதுகுத்துக்கு வாங்கலாம், வீட்டுல பொணத்த வச்சுக்கிட்டு நிக்கிறவன் கேட்டா மட்டும் அசிங்கமா? வட்டிக்காரர் வீட்டு வாசல்ல மாமா போயி நின்னிருந்தா அதுல மானம் இருந்திருக்குமா?

காசு வந்துச்சுங்க. விடிய விடிய வந்துச்சு. 87 பேர், மொத்தம் 58,650 ரூபா. வசதியான ஆளுங்க சிலர் மெசேஜப் பாத்துட்டுக் கம்முன்னு இருந்தாங்க, அவங்க பேரச் சொல்லப் போறதில்ல, அவங்களுக்கு என்ன கஷ்டமோ. அத்தைய வேலைக்குக் கூப்பிடுற மேஸ்திரி 5,000 போட்டாரு. காலைல ஏழு மணிக்கு அவங்ககூட வேலை பாக்குற பொம்பளைங்க பதினோரு பேரு அன்னைக்குக் கூலிய விட்டுட்டு வந்தாங்க. ஒரு அக்கா, பச்ச சேலை, கால்ல நேத்து சிமெண்டு அப்படியே காஞ்சு இருக்கு, அம்பது ரூபா நோட்ட நாலா மடிச்சு என் கைல வச்சு அமுக்கிட்டு ஒண்ணுமே பேசாம உள்ள போயி தலமாட்டுல உக்காந்துருச்சு. அப்புறம் அந்த அக்கா பாடுன ஒப்பாரிய கேட்டுட்டு பந்தல்ல இருந்த ஆம்பளைங்க எல்லாம் துண்ட வாயில வச்சுக்கிட்டாங்க.

கணக்கு குரூப்ல போட்டதுதான், இங்கயும் போடுறேன், ஏன்னா இதெல்லாம் எவ்வளவு ஆகும்னு யாரும் முன்னாடி சொல்றதில்ல. ஆம்புலன்ஸ் 4,500, ஐஸ் பெட்டி 3,500, பந்தல் சேர் லைட் 5,000, பாடை மாலை துணி சாமான் 6,500, விறகு வறட்டி வைக்கோல் 7,000, மயானத்துல வேலை பாத்தவங்களுக்கு 5,000, சடங்கு செஞ்சு குடுத்தவருக்கு 2,000, கொட்டு 8,000, வெளியூர்லேர்ந்து வந்தவங்களுக்கு டீ தண்ணி சாப்பாடு 9,500. மொத்தம் 51,000. எங்க வீட்டு அடுப்பு பத்த வைக்கல, வீட்டாளுங்களுக்குத் தெருவே சோறு கொண்டாந்துச்சு, அதுக்கு நான் என்ன கணக்கு எழுத. பொறந்த வீட்டுக் கோடித் துணி மட்டும் என் சொந்தக் காசுல எடுத்தேன், அது அப்பா எடத்துல நின்னு நான் செய்யவேண்டியது.

பூத்தேர் கட்டணும், வெடி போடணும், ரோட்டு முக்குல பிளெக்ஸ் வைக்கணும்னு சில பேரு நின்னாங்க, நான் முடியாதுன்னுட்டேன். கொட்டு வச்சோம், அத்தைக்குக் கொட்டு புடிக்கும். ஊரு காசுல வெடி போட எனக்கு மனசு வரல.

இன்னொண்ணு சொல்லணும், இதுல எனக்கு என் மேலயே கோவம். அத்தைகிட்ட கட்டுமானத் தொழிலாளர் நலவாரிய அட்ட இருந்துச்சு. 1994லேர்ந்து இருக்குற வாரியம், ஈமச்சடங்குக்கு உதவி உண்டு, இயற்கை மரண உதவி தனி. ஆனா அட்டய புதுப்பிக்கல. புதுப்பிக்க ஒரு நாள் அலையணும், ஒரு நாள் கூலி போயிரும்னு தள்ளிப் போட்டுட்டாங்க, ஆன்லைன்லயே பண்ணலாம்னு தெரிஞ்ச நான் ஒரு ஞாயித்துக்கெழம உக்காந்து பண்ணிக் குடுத்திருக்கலாம், பண்ணல. பேங்குல வருஷம் 436 ரூபா புடிக்குற 2 லட்சம் இன்சூரன்ஸ்ல 50 வயசுக்குள்ள சேந்துரணும், அதுவும் விட்டுப்போச்சு. உங்க வீட்டுல கொத்தனாரு, சித்தாள், பெயிண்டரு யாரு இருந்தாலும் இந்த வாரமே அந்த அட்டய வாங்கிப் பாருங்க. எறப்ப 21 நாளுக்குள்ள பதிஞ்சுருங்க, காசு கிடையாது, சர்டிபிகேட் இல்லாம எந்த உதவித்தொகையும் நகராது. ஆனா இதெல்லாம் பின்னாடி வர்ற காசு, அன்னைக்கு ராத்திரிக்கு ஒதவாது. அன்னைக்கு ராத்திரிக்கு மனுசங்கதான். அதனாலதான் சொல்றேன், செய்யப்போற மொய்ய பதினாறாம் நாள் வந்து எழுதாதீங்க, சேதி கேட்ட ஒரு மணி நேரத்துல கொண்டு போயிக் குடுங்க, அதே 200 ரூபாதான், ஆனா அந்த நேரத்துல அதோட பலமே வேற.

மிச்சம் 7,650 இருந்துச்சு. பதினாறு செலவுக்கு எடுக்கலாம்னேன், மாமா தொடக்கூடாதுன்னுட்டாரு. பதினோராம் நாள் தெரு கடைசி வீட்டுல பெயிண்டரு ஒருத்தரு தவறிட்டாரு, மாமா என்னக் கூப்பிட்டு அதுலேர்ந்து 5,000 எடுத்து அந்தம்மா கைல குடுக்கச் சொன்னாரு. ராத்திரி பத்து மணிக்கு. மறுநாள் தெருவுல பேசி 31 வீடு மாசம் நூறு போடுறதுன்னு முடிவு பண்ணிருக்காங்க, கேதம்னா ரெண்டு மணி நேரத்துல பணம் வீட்டுக்குப் போயிரணும், எதுக்குன்னு கேக்கக்கூடாது, கணக்கு நோட்டு மாமாகிட்ட. ரெண்டு வீடு இப்பவே பின்வாங்கிருச்சு, பாப்போம்.

மாமா தெனமும் அந்த 87 பேரையும் எழுதுன நோட்ட எடுத்து வச்சுக்கிட்டு உக்காந்துருக்காரு. யாரு யாருக்கு எவ்வளவு திருப்பிச் செய்யணும்னு பயலுக்கு இப்பவே சொல்லிக் குடுக்குறாரு. அதுல 64வது வரில என் கையெழுத்துல "பச்ச சேலை அக்கா, 50"ன்னு இருக்கு. பேரு கேட்டு வைக்காம விட்டுட்டேன். மேஸ்திரிகிட்டயும் கேட்டாச்சு, ஆள் கூப்பிடுற எடத்துக்கு எப்பவாச்சும் வர்ற ஆளு, செக்கானூரணி பக்கம்ங்கிறாரு. யாருக்காவது அந்த அக்காவத் தெரியும்னா எனக்கு இன்பாக்ஸ்ல சொல்லுங்க, மாமா பேரு எழுத எடம் விட்டு வச்சிருக்காரு.