பேரைச் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

முந்தாநாள் ராத்திரி அந்த லைவைப் பார்த்தவர்களுக்கு நான் எதைப் பற்றி எழுதுகிறேன் என்று தெரியும். பார்க்காதவர்கள் லிங்க் கேட்காதீர்கள், நான் தரப்போவதில்லை. வீடியோ போடும் நம் ஆள் ஒருவர், இலங்கை மலையகத்தின் தெமோதரை ரயில் பாதையை வைத்துக் கட்டிய ஒரு மாரியோ கேம் லெவலை அதில் தன்னுடையதாகக் காட்டினார்.

சொல்ல வந்தது ஒன்றுதான். அந்த தெமோதரை லெவலை யோசித்தவர் அவர் இல்லை. யோசித்தது பக்கத்துத் தோட்டத்துப் பையன். அவன் பேரைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கமெண்டில் கேட்டதற்கு, "கேம்தானே ப்ரோ, இதெல்லாம் ஒரு மேட்டரா" என்று சிரித்துவிட்டு அடுத்த கமெண்டுக்குப் போய்விட்டார். இரண்டு நாளாக அந்தச் சிரிப்பு மனசைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது.

சூப்பர் மாரியோ மேக்கர் 2 என்பது 2019இல் நின்டென்டோவின் ஸ்விட்ச் கன்சோலுக்கு வந்த கேம். நாமே லெவல் கட்டி ஆன்லைனில் ஏற்றலாம், உலகத்தில் எவரும் எடுத்து விளையாடலாம். ஆனால் கட்டியவன் முதலில் தானே அதை முழுசாக விளையாடி முடித்துக் காட்ட வேண்டும், அப்போதுதான் ஏற்றவே விடும். ஆன்லைன் சந்தாவும் கட்டியிருக்க வேண்டும். வெளிநாட்டில் வேலை செய்யும் சித்தி அனுப்பிய பழைய ஸ்விட்ச், ஜன்னல் கம்பியில் கட்டிவைத்தால் மட்டும் சிக்னல் பிடிக்கும் ரவுட்டர், கிரெடிட் கார்ட் என்பதையே பார்க்காத, தோட்டத் தொழிலாளரின் லயத்து வீடு. அங்கிருந்து ஒரு லெவல் வெளியே வருவது எவ்வளவு பெரிய காரியம் என்று டவுனில் இருப்பவர்களுக்குச் சொன்னால்தான் புரியும்.

அந்த லெவலை நான் விளையாடியிருக்கிறேன். ஸ்டேஷனில் தொடங்கும். பாம்பு மாதிரி நகரும் பச்சைக் கட்டை ஒன்று அந்த கேமில் உண்டு, மேலே கால் வைத்தால்தான் கிளம்பும். அதுதான் அவனுடைய ரயில். மலையைச் சுற்றிக்கொண்டு போகும், வளைவு எங்கே வருகிறது என்று காசுகளை வரிசையாக வைத்து முன்னாலேயே காட்டியிருப்பான். பிறகு ஒரு குழாய். அதில் இறங்கி வெளியே வந்து நிமிர்ந்து பார்த்தால், தொடங்கிய அதே ஸ்டேஷன் தலைக்கு மேலே நிற்கும். தெமோதரையில் ரயிலில் போனவர்களுக்குத் தெரியும், பாதை ஒரு சுற்றுச் சுற்றி வந்து ஸ்டேஷனுக்கு அடியிலேயே சுரங்கத்துக்குள் நுழையும். அதை மாரியோவை வைத்துச் செய்ய முடியும் என்று யாருக்குத் தோன்றியது? அவனுக்குத் தோன்றியது.

நடுவில் ஓரிடத்தில் கீழே இறங்கும் படிகள் இருக்கும். இறங்கினால் ஒரு காளான், அவ்வளவுதான். வழி கிடையாது, திரும்பி ஏறி வர வேண்டும். "இது எதுக்குடா?" என்று கேட்டேன். "அது பாட்டி வீட்டுக்குப் போற படி அண்ணே" என்றான்.

அந்தப் படிகள் அவருடைய லெவலிலும் இருக்கின்றன. அதே இடத்தில், அதே காளானோடு. அது எதற்கு என்று அவரிடம் கேளுங்கள். என்ன சொல்வார்?

இந்த கேமில் அடுத்தவர் லெவலை எடிட் பண்ண முடியாது. அப்படியே எடுத்துத் தன் பேரில் போடவும் முடியாது. ஒவ்வொரு கட்டையாகப் பார்த்துப் பார்த்துத்தான் திரும்பக் கட்ட வேண்டும். ஆகவே தெரியாமல் நடந்துவிட்டது என்று யாரும் என்னிடம் வராதீர்கள். "அவரும் உழைத்துத்தானே கட்டினார்" என்று ஒரு நண்பர் இன்பாக்ஸில் எழுதியிருந்தார். உழைத்தார், இல்லை என்று சொல்லவில்லை. அந்த உழைப்போடு ஒரு வரி சேர்த்து எழுதியிருக்கலாமே. ஏற்றும்போது விவரம் எழுத அதிலேயே இடம் இருக்கிறதே.

"மாரியோவே நின்டென்டோவுக்குச் சொந்தம், பையனுக்கு என்ன உரிமை" என்கிறார்கள். காசு கேட்கவில்லையே. கோர்ட்டுக்கும் போகவில்லை. பேரைத்தானே கேட்கிறோம். பிளேஸ்டேஷனில் 2020இல் வந்த ட்ரீம்ஸ் கேமில், அடுத்தவர் செய்ததை எடுத்து நீங்கள் மாற்றிக் கட்டினால், முதலில் செய்தவர் பேர் தானாகவே கூட வரும். ஒரு கேமைச் செய்தவர்களுக்கே அது முக்கியமாகப் பட்டிருக்கிறது. ஸ்விட்சுக்கு முந்தைய வீ யூ கன்சோலில் வந்த முதல் மாரியோ மேக்கருக்கு 2021 மார்ச்சில் புது லெவல் ஏற்றுவதை நிறுத்தினார்கள், 2024 ஏப்ரலில் ஆன்லைனையே மூடினார்கள். மூடுவதற்கு முன், யாருமே முடிக்காமல் கிடந்த லெவல்களைத் தேடித் தேடி முடித்தது ஒரு கூட்டம். கடைசிக்குக் கடைசி மிஞ்சிய ஒரு லெவலை, அதைக் கட்டியவரே நேர்மையாக விளையாடி ஏற்றவில்லை என்று தெரிந்தபோது, அது பெரிய பேச்சானது. ஏனென்றால் இந்த விளையாட்டை விளையாடுகிறவர்களுக்கு நேர்மை ஒரு மேட்டர். அவருக்கு மட்டும் இல்லையா?

ரயில் பாதை எல்லாருக்கும் பொது என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அந்தச் சுற்றுப்பாதைக்கு நம் பக்கத்தில் ஒரு கதை உண்டு. எப்படிப் பாதை போடுவது என்று தெரியாமல் நின்ற இன்ஜினியர், ஒரு கங்காணி தலைப்பாகையை அவிழ்த்துத் திரும்பச் சுற்றிக் கட்டியதைப் பார்த்து யோசனை பிடித்தாராம். சின்ன வயதில் எல்லாரும் கேட்டிருப்போம். அந்தக் கங்காணியின் பேர் யாருக்காவது தெரியுமா? கதையில் தலைப்பாகை இருக்கிறது, தலைக்குச் சொந்தக்காரன் இல்லை.

எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்குத் தேர் சோடிப்பது அப்பாதான். மூங்கில் வெட்டி, சட்டம் கட்டி, தேயிலைப் பெட்டிக்குள் போடும் வெள்ளித்தாளை பெக்டரியில் கேட்டு வாங்கி வந்து, ராத்திரி முழுக்க லாம்பு வெளிச்சத்தில் பூப்பூவாக வெட்டுவார். விரல் நுனியெல்லாம் கீறல் இருக்கும். திருவிழா நோட்டீசில் தலைவர் பேர், செயலாளர் பேர், உபயகாரர் பேர், ஸ்பீக்கர் செட்காரர் பேர்கூட இருக்கும். அப்பா பேர் இருக்காது. ஒவ்வொரு வருஷமும் நோட்டீசை வாங்கி மேலிருந்து கீழ்வரைக்கும் வாசிப்பார். மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்வார். அம்மாதான் கத்துவார். "விடு, சாமி காரியம்" என்பார் அப்பா.

நான் விடமாட்டேன். அதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

"அவரும் நம்மாளு, மலையகத்துக்குப் பெருமை சேர்க்கிறார், நமக்குள்ளேயே இழுத்துப் போடாதே" என்று எழுதுகிறவர்களே, அந்தப் பையன் யாருடைய ஆள்? கொழும்பில் யாராவது இதைச் செய்திருந்தால் இதே நீங்கள் எத்தனை பதிவு போட்டிருப்பீர்கள்? நம் பேரைக் காணோம், நம் உழைப்பைக் காணோம் என்று மேடைக்கு மேடை பேசுகிறோமே, நமக்குள் ஒருவன் பேரை நாமே விழுங்கினால் மட்டும் அது ஒற்றுமையா? இதைக் கேட்டதற்கு என்னைப் பொறாமைக்காரன் என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போங்கள்.

பையனே கவலைப்படவில்லை, உனக்கென்ன என்று கேட்டவருக்கு: அவன் கவலைப்படவில்லை என்று உங்களுக்கு யார் சொன்னது? லைவ் முடிந்ததும் எனக்குப் போன் எடுத்தான். "அண்ணே, படியையும் எடுத்துட்டாங்க" என்றான். வேறொன்றும் பேசவில்லை.

அவனுடைய சொந்தப் பேரை இங்கே எழுத வேண்டாம் என்று அவன் அம்மா கேட்டுக்கொண்டார், அதனால் எழுதவில்லை. லெவலில் அவன் போட்ட பேர் இருக்கிறது, கோர்ஸ் ஐடியை முதல் கமெண்டில் போட்டிருக்கிறேன். ஸ்விட்ச் வைத்திருப்பவர்கள் விளையாடிப் பாருங்கள், பிடித்தால் ஹார்ட் போடுங்கள். அவருடைய பக்கத்தில் போய் யாரும் திட்ட வேண்டாம். அண்ணே, நீங்கள் இதை வாசிப்பீர்கள் என்று தெரியும். வீடியோவுக்குக் கீழே ஒரு வரி எழுத இன்னும் நேரம் இருக்கிறது. எழுதிய அன்றைக்கே இந்தப் பதிவை எடுத்துவிடுகிறேன்.