மேடையில் கூப்பிட்டு யாரையும் எடை போடாதீர்கள்

அந்த வீடியோவை இதற்குள் பாதிப் பேர் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் என்னிடம் கேட்காதீர்கள், அனுப்ப மாட்டேன். போன வருடம் 90 நாள் எடைக் குறைப்பு சேலஞ்சில் முதல் பரிசு வாங்கி, பிறகு எடை திரும்பிவிட்ட ஓர் அக்காவை இந்த வருடமும் அதே மேடைக்குக் கூப்பிட்டு, பின்னால் திரையில் அவருடைய பழைய போட்டோவைப் போட்டு, "டிசிப்ளின் போனா என்ன ஆகும்னு அக்காவே சாட்சி" என்று மைக்கில் சொன்னார் அந்த கோச். முன்வரிசையில் சிரித்தவர்கள் யார் யாரென்று எனக்குத் தெரியும். அவர்களில் சிலர் இதைப் படிப்பீர்கள் என்பதும் தெரியும். படியுங்கள்.

அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. கொடுத்த பூச்செண்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பை மறைத்தபடியே நின்றார். கீழே இறங்கி வந்த பிறகும் அந்தத் தலைப்பை விடவில்லை.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். எடையைக் குறைப்பது ஒரு வேலை, குறைந்த எடையை வருடக்கணக்கில் வைத்துக் காப்பாற்றுவது வேறு வேலை. முதல் வேலைக்குப் பரிசு, மாலை, போட்டோ எல்லாம் உண்டு. இரண்டாவதற்கு ஒருவரும் கை தட்டுவதில்லை. ஆனால் தோற்றால் மட்டும் மேடைக்குக் கூப்பிடுவீர்கள்.

"பொறாமையில் எழுதுகிறாள்" என்று ஆரம்பிக்கப் போகிறவர்களுக்கு: நானும் இன்டர்மிட்டன்ட் ஃபாஸ்டிங், அதாவது நாளில் சில மணி நேரத்துக்குள் மட்டும் சாப்பிட்டுவிட்டு மீதி நேரம் சாப்பிடாமல், இருப்பவள்தான். சில வருடங்களாக இருக்கிறேன். எனக்கு ஒத்துவருகிறது, எடையும் பெரிதாக ஏறாமல் நிற்கிறது. ஃபாஸ்டிங் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அதைக் கையில் பிரம்பு மாதிரி பிடித்துக்கொண்டு திரிகிறவர்கள் மேல்தான் கோபம்.

இந்த மாதிரிப் போட்டிகளின் கதை ஊருக்கே தெரிந்த கதை. அமெரிக்காவில் எடை குறைக்கும் போட்டி ஒன்றைத் தொலைக்காட்சியில் வருடக்கணக்கில் நடத்தினார்கள். அதில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருடம் கழித்துத் தேடிப்பிடித்து, கெவின் ஹால் என்ற விஞ்ஞானியும் அவருடைய குழுவும் பரிசோதித்தார்கள். 2016-இல் முடிவு வெளியானது. போட்டியில் சராசரியாக 58 கிலோ குறைத்தவர்களுக்கு அதில் 41 கிலோ திரும்பி வந்திருந்தது. அதைவிடக் கொடுமை, சும்மா இருக்கும்போது அவர்கள் உடம்பு செலவழிக்கும் சக்தி, அந்த எடைக்கு இருக்க வேண்டியதைவிட நாளுக்கு 500 கலோரி அளவுக்குக் குறைவாக இருந்தது. ஆறு வருடம் கழித்தும். இந்த 14 பேருக்கும் டிசிப்ளின் இல்லையா? உலகமே பார்க்க, நாளெல்லாம் வியர்வை சிந்தி உடற்பயிற்சி செய்தவர்கள் அவர்கள்.

2011-இல் மெல்போர்னில் 50 பேரை வைத்து இன்னொரு ஆய்வு. பத்து வாரம் கடும் டயட். ஒரு வருடம் கழித்துப் பார்த்தாலும் பசியைத் தூண்டும் ஹார்மோன் கூடுதலாகவும், வயிறு நிறைந்ததைச் சொல்லும் ஹார்மோன்கள் குறைவாகவும் இருந்தன. போன எடையைத் திரும்பக் கொண்டுவர உடம்பு இராப்பகலாகப் பாடுபடுகிறது. அந்தப் பசியோடு ஒரு வருடம் போராடிய ஒரு மனுஷியைக் கூப்பிட்டு நிறுத்தி "சாட்சி" என்கிறீர்கள். இதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

சரி, அந்த கோச் இன்னொன்றும் சொன்னார், 16 மணி நேரம் சாப்பிடாமல் இருப்பதற்கு நோபல் பரிசே கொடுத்துவிட்டார்கள் என்று. 2016-இல் ஜப்பானின் யோஷினோரி ஓசுமிக்கு மருத்துவ நோபல் கிடைத்தது உண்மை. செல்கள் தங்கள் கழிவைத் தாங்களே பிரித்து மறுபடி பயன்படுத்திக்கொள்ளும் 'ஆட்டோஃபேஜி' எப்படி நடக்கிறது என்று ஈஸ்ட்டை வைத்துக் கண்டுபிடித்ததற்காக அது. ஈஸ்ட் தொப்பை குறைக்கவில்லை. 16 மணி நேரம் என்ற கணக்கும் அந்தப் பரிசில் இல்லை.

மனிதர்களை வைத்துச் செய்த ஆய்வு வேண்டுமா, இருக்கிறது. 2022-இல் சீனாவின் குவாங்சோவில் உடல் பருமன் உள்ள 139 பேர். எல்லோருக்கும் ஒரே அளவு கலோரிக் கட்டுப்பாடு. பாதிப் பேர் காலை 8 மணி முதல் மாலை 4 மணி வரை மட்டும் சாப்பிட வேண்டும், மீதிப் பேருக்கு நேரக் கட்டுப்பாடு கிடையாது. ஒரு வருடம் கழித்து முதல் குழு சராசரியாக 8 கிலோவும் இரண்டாவது குழு 6.3 கிலோவும் குறைந்திருந்தார்கள். புள்ளியியல்படி அது பொருட்படுத்தக்கூடிய வித்தியாசம் இல்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் ஃபாஸ்டிங் இருப்பதைப் பற்றிச் சிகாகோவில் ஒரு வருடம் ஆராய்ந்து 2017-இல் வெளியிட்டார்கள். தினமும் கொஞ்சம் குறைத்துச் சாப்பிட்டவர்கள் அளவுக்குத்தான் இவர்களுக்கும் எடை குறைந்தது. ஆனால் ஃபாஸ்டிங் குழுவில் 38 சதவீதம் பேர் பாதியிலேயே விட்டுவிட்டார்கள். மற்ற குழுவில் 29 சதவீதம்.

அப்புறம் நீ ஏன் இருக்கிறாய் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எனக்கு அது சுலபமாக இருக்கிறது, அதனால் இருக்கிறேன். எதையும் எடை போட்டு, கலோரி எண்ணிச் சாப்பிட என்னால் ஆகாது. இரவு எட்டுக்கு அடுப்படி விளக்கை அணைத்துவிட்டால் ஒன்பது மணிக்கு மிக்சர் டப்பாவைத் திறக்கிற பழக்கம் தானாக நின்றுவிடுகிறது. காலை பத்து மணிக்குத்தான் முதல் சாப்பாடு. பதினாலு மணி நேரம் ஆயிற்றா, போதும். பதினாறு, பதினெட்டு என்று யாரோடும் நான் போட்டி போடுவதில்லை. கல்யாணம், தீபாவளி, பிள்ளைகள் பிறந்தநாள் என்றால் கணக்கே கிடையாது, மறுநாள் பழைய நேரத்துக்கு வந்துவிடுவேன். வருடக்கணக்கில் நிற்க வேண்டுமென்றால் இப்படி விட்டுப்பிடித்தால்தான் நிற்கும்.

சாப்பிடுகிற நேரத்தில் என்ன சாப்பிடுகிறோம் என்பதை அந்த மேடையில் ஒருவர்கூடப் பேசவில்லை. பதினாலு மணி நேரம் காய்ந்துவிட்டு ஆறு இட்லியும் சர்க்கரை போட்ட காபியுமாக ஆரம்பித்தால் மதியத்துக்குள் மறுபடி பசி பிடுங்கும். இரண்டு முட்டை, இல்லையென்றால் ஒரு கிண்ணம் சுண்டல், அதன்பிறகு இட்லியோ தோசையோ என்று வைத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். நம் தட்டில் சோறு மலைபோலவும் பருப்பு ஓரத்திலும் கிடக்கிறது. 2020-இல் சான் பிரான்சிஸ்கோவில் 16:8 முறையை, அதாவது 16 மணி நேரம் சாப்பிடாமல் 8 மணி நேரத்துக்குள் மட்டும் சாப்பிடுவதை, மூன்று மாதம் சோதித்தபோது, மொத்தமாகக் குறைந்ததே ஒரு கிலோவுக்கும் கீழே. விரிவாகப் பரிசோதித்தவர்களிடம் அதிலும் பெரும்பகுதி கொழுப்பாக இல்லாமல் தசை முதலான பகுதியில் போயிருந்தது. நாற்பது தாண்டிய பெண்களுக்குத் தசை போனால் திரும்பக் கொண்டுவருவது எவ்வளவு பாடு தெரியுமா? அதனால்தான் வாரம் இரண்டு மூன்று நாள் டம்பெல் தூக்குகிறேன். "இந்த வயசில் எதற்கு" என்று கேட்டவர்களுக்கெல்லாம் இதுதான் பதில்.

இப்போது டிசிப்ளின் கட்சிக்கு வருகிறேன். "உண்மையைச் சொன்னால் வலிக்கத்தான் செய்யும், அவர் நல்லதுக்குத்தான் சொன்னார்" என்று இன்பாக்ஸில் எழுதிய அண்ணனுக்கு. அண்ணா, நல்லதுக்குச் சொல்கிறவர் மைக்கில் சொல்ல மாட்டார். அவமானப்பட்டவர்கள் எடை குறைந்து நான் பார்த்ததில்லை. வாக்கிங் வருவதை நிறுத்துவார்கள், போட்டோவில் பின்னால் போய் நிற்பார்கள், கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுவார்கள். அதைத்தான் பார்த்திருக்கிறேன்.

"ஃபாஸ்டிங் இருந்தால் மாரடைப்பு வருமாமே" என்பவர்களுக்குச் சுருக்கமாக. 2024 மார்ச்சில் அமெரிக்க இதயச் சங்கத்தின் மாநாட்டில் அப்படி ஒரு ஆய்வை முன்வைத்தார்கள். 8 மணி நேரத்துக்குள் சாப்பிடுகிறவர்களுக்கு இதயநோயால் சாகும் வாய்ப்பு 91 சதவீதம் அதிகம் என்றார்கள். இரண்டே நாள் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டு, அதை வைத்துப் பல வருடக் கணக்குப் போட்டது அது. ஒன்று இன்னொன்றோடு சேர்ந்து வருகிறது என்று காட்டுமே தவிர, அதனால்தான் இது என்று காட்டாது. எனக்கு அதைப் பார்த்துப் பயம் வரவில்லை. இதயக் கோளாறு உள்ளவர்கள் தங்கள் டாக்டரிடம் கேளுங்கள், என்னிடம் வேண்டாம்.

எனக்கு உண்மையான பயம் வேறு இடத்தில். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்கள் விஷயத்தில். என் சித்தப்பா காலையில் கிளைமிபிரைடு போடுகிறவர். அந்த 90 நாள் சேலஞ்சின் சாப்பாட்டு சார்ட்டை யாரோ அவருக்கும் அனுப்பிவிட்டார்கள். மாத்திரையைப் போட்டுவிட்டு, டிபனை மட்டும் நிறுத்திவிட்டார். பதினோரு மணிக்கு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார், சட்டை முழுக்க நனைந்திருந்தது, கூப்பிட்டால் பதில் குழறியது. சித்தி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்த பிறகுதான் ஆள் தெளிந்தார். அந்த வகை மாத்திரை, இன்சுலின் இரண்டுமே நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் சர்க்கரையை இறக்கும். அளவை மாற்றாமல் ஃபாஸ்டிங் இருந்தால் ஆபத்து. கர்ப்பிணிகள், பால் கொடுக்கிறவர்கள், வளர்கிற பிள்ளைகள், சாப்பாட்டைப் பார்த்தாலே மனம் தடுமாறுகிற பிரச்சினை உள்ளவர்கள், இவர்களுக்கும் இது வேண்டாம். அந்த சார்ட்டில் இதில் ஒரு வரிகூட இல்லை. தெருவுக்கு நாலு பேர் சர்க்கரை மாத்திரை போடுகிற ஊரில்!

"நம் முன்னோர் விரதம் இருக்கவில்லையா, லங்கணம் பரம ஔஷதம், பட்டினியே பெரிய மருந்து" என்று வருவீர்கள். என் அம்மா வருடம் தவறாமல் சஷ்டி விரதம் இருப்பார். அது முருகனுக்காக. இடுப்பளவுக்காக இல்லை. ரமலான் நோன்பில் எடை கொஞ்சம் குறைந்து, சில வாரத்திலேயே பெரும்பாலும் திரும்பி வந்துவிடுவதை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். அதற்காக நோன்பு வைத்தவரைப் பார்த்து டிசிப்ளின் இல்லை என்று யாராவது சொல்வோமா? ஆனால் அக்காவைச் சொன்னோம்.

அக்காவுக்கு ஏன் எடை திரும்பியது என்று எவராவது கேட்டீர்களா? அவரிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். பரிசு வாங்கிய கொஞ்ச நாளில் மாமியார் பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் இரவெல்லாம் கூட இருந்தது யார்? இவர்தான். இரவு பத்தரைக்கு கேன்டீனில் மிச்சம் இருந்த பரோட்டாதான் சாப்பாடு. வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகு ராத்திரி இரண்டு தடவை எழுந்து திருப்பிப் படுக்க வைப்பார். தூக்கம் கிடையாது, வாக்கிங் கிடையாது. தூக்கம் கெட்டால் பசி கூடும், அதிலும் இனிப்பும் எண்ணெயும் கேட்கும். இதில் எங்கே வந்தது 'விண்டோ', சாப்பிட ஒதுக்கிய நேரம்?

மாலை ஆறு மணிக்குச் சாப்பாட்டை முடித்துவிடு என்று சொல்வது மிகச் சுலபம். கணவர் ஒன்பதுக்கு வருகிறார், பையன் ட்யூஷன் முடிந்து ஒன்பதரைக்கு. ஒவ்வொருவருக்கும் சுடச்சுடத் தோசை வார்த்துப் போட்டுவிட்டு, கல்லில் கடைசியாக ஊற்றுகிற மாவு யாருக்கு? மீந்த சோற்றைக் கொட்ட மனம் வராமல் பாத்திரத்தோடு பிசைந்து சாப்பிடுவது யார்? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40 சதவீதத்துக்கும் மேல் அதிக எடை அல்லது உடல் பருமன் உள்ளவர்கள். இத்தனை பேரும் ஒரே நேரத்தில் டிசிப்ளினைத் தொலைத்துவிட்டார்களா?

என் அப்பா மில் வேலை. அரை நைட் ஷிப்டு என்றால் வீட்டுக்கு வர ராத்திரி ஒன்றரை ஆகும். அதுவரை அம்மா சாப்பிட மாட்டார். ஈயப் போசியில் ரசத்தைச் சூடு பண்ணுகிற சத்தத்தில் எனக்கு விழிப்பு வரும். அப்பா சாப்பிட்டு எழுந்த பிறகு அதே தட்டில் அம்மா உட்காருவார். காலை ஐந்தரைக்கு மறுபடி அடுப்பு. நாற்பத்தைந்து வயதில் அவருக்குச் சர்க்கரை வந்தபோது டாக்டர், "வாயைக் கட்டும்மா" என்றார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அந்த வார்த்தை இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

"எல்லாவற்றையும் ஆண்கள் மேல் போடுகிறாய்" என்று சிலருக்குத் தோன்றும். தோன்றட்டும். உங்கள் வீட்டில் கடைசியாகத் தட்டில் கைவைப்பது யார் என்று இன்றைக்கு ராத்திரி பார்த்துவிட்டு வந்து பேசுங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது இரவுச் சாப்பாடு ஏழரைக்கு. அந்த நேரத்துக்கு நான் உட்கார்ந்துவிடுவேன். இருப்பவர்கள் கூட உட்காரலாம். தாமதமாக வருகிறவர்களுக்குக் குழம்பு அடுப்பு மேல் இருக்கிறது, மாவு பிரிட்ஜில் இருக்கிறது, தோசை வார்க்க இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அத்தைக்கு இதில் இன்னும் வருத்தம்தான், போன வாரம்கூட நாத்தனாரிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் வருத்தம் எனக்குப் புரிகிறது. நேரத்தை மாற்றுவதாக இல்லை.