சுரண்டியது எங்கே போகிறது?

கப்பலின் அடியில் சிப்பியும் பாசியும் படிந்தால் டீசல் செலவும் புகையும் கூடும், நல்ல பெயிண்ட் பூசினால் போதும் என்று நான் படித்த ஒரு கட்டுரை முடிகிறது. முதல் பாதி சரி. கடலூர் முதுநகரில் எங்கள் விசைப்படகு மீன்பிடித் தடைக்காலம் நெருங்கும்போது வேகமே எடுக்காது. ஏப்ரல் 15-க்கு அப்புறம் கரையேற்றிப் பார்த்தால், அடிப்பலகை முழுக்கக் கூம்பு கூம்பாகச் சுண்ணாம்புக் கூடு. உளி வைத்துச் சுரண்டும்போது கை தவறினால் விரலைக் கிழித்துவிடும்.

சுரண்டியதில் பாதி, பழைய பெயிண்டோடு சேர்ந்து, உப்பனாற்றில்தான் விழுகிறது. ஒரு காலத்தில் சிப்பி ஒட்டாமலிருக்கக் கப்பல்களுக்குப் பூசிய, டிரைபியூட்டைல் டின் என்ற தகரச் சேர்மம் கலந்த பெயிண்ட், பெண் நத்தைகளுக்கு ஆண் உறுப்பையே முளைக்க வைத்தது. 2008-இல் உலக அளவில் அதற்குத் தடை வந்தது. இப்போது பெரும்பாலும் செம்பு கலந்தது. அதுவும் விஷம்தானே, இல்லாவிட்டால் சிப்பி ஏன் ஒட்டாமல் போகிறது?

எண்ணூர், பழவேற்காட்டில் இறால் கிடைத்த சேற்றை மூடிக் கிடக்கிற காக்கா ஆழியும் தென் அமெரிக்கச் சிப்பிதான். கப்பலின் அடியில் ஒட்டியோ, கப்பல் ஆடாமல் நிற்க அதற்குள் ஏற்றும் பேலஸ்ட் தண்ணீரிலோ வந்திருக்கும் என்கிறார்கள். அது உப்பனாற்றுக்கும் வந்தால், கையால் தடவி இறால் பிடிப்பவர்கள் எங்கே போவார்கள்?