கார்க்கேஜ் கொடுப்பதில் எனக்கு வருத்தமில்லை, மேசையில் கேட்டால்

விடுமுறை நெருங்கினால் போதும், டெக்சாஸின் கால்வெஸ்டன் துறைமுகத்தில் உல்லாசக் கப்பல் ஏறப்போகும் நம்மவர்களின் வாட்ஸ்ஆப் குழுக்களில் ஒரே பேச்சுதான். ஒயின் பாட்டிலை எப்படி உள்ளே கொண்டுபோவது, கார்க்கேஜை, அதாவது நாம் கொண்டுபோகும் பாட்டிலுக்குக் கப்பலில் வாங்கும் கட்டணத்தை, எப்படித் தவிர்ப்பது. மவுத்வாஷ் பாட்டிலில் வோட்காவை ஊற்றிப் பச்சை நிறம் கலக்கும் யோசனையைக்கூட ஒருவர் படத்தோடு போட்டிருந்தார். நல்ல வேலையில் இருப்பவர்கள், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் இதைப் பரிமாறிக்கொள்வது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. இதில் ஒளிக்க வேண்டிய அவசியமே இல்லை.

கார்னிவல் நிறுவனத்தின் கப்பலில் 21 வயது நிறைந்த ஒவ்வொருவரும் ஏறும் நாளில் 750 மில்லி ஒயினோ ஷாம்பெயினோ ஒரு பாட்டில் கொண்டுபோகலாம். சீல் உடைக்காமல், கைப்பையில் இருக்க வேண்டும். கணவன் மனைவி என்றால் இரண்டு பாட்டில். கேபினில் உட்கார்ந்து குடித்தால் ஒரு காசும் கேட்பதில்லை. டைனிங் ஹாலுக்கு எடுத்துப் போனால்தான் பாட்டிலுக்கு 15 டாலர். இதில் என்ன அநியாயம் இருக்கிறது?

அந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். எங்கள் திருமண நாளுக்கு டெம்பிரானியோ என்ற சிவப்பு ஒயின் ஒன்று கொண்டுபோயிருந்தோம். ஆஸ்டினுக்கு மேற்கே 290ஆம் நெடுஞ்சாலையில் பிரெடரிக்ஸ்பர்க் வரை வரிசையாக ஒயின் பண்ணைகள் இருக்கின்றன அல்லவா, அங்கே ஒன்றில் ருசித்துப் பார்த்து வாங்கியது. எங்கள் மேசைக்குப் பரிமாறியவர் நாகர்கோவில் பக்கத்துக்காரர். பாட்டிலை வாங்கியதும் லேபிளை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். கழுத்தைச் சுற்றியிருந்த தாளைச் சின்னக் கத்தியால் ஒரே சுற்றில் வெட்டி எடுத்து, கார்க்கைச் சத்தமில்லாமல் இழுத்தார். என் மனைவியின் கிளாஸில் ஒரு வாய் ஊற்றி, “அக்கா, பாத்துச் சொல்லுங்க” என்று நின்றார். பாதிதான் குடித்தோம். மீதியை மூடி, கேபின் எண்ணை எழுதி ஒட்டி எடுத்து வைத்துவிட்டார். மறுநாள் இரவு நாங்கள் உட்காருவதற்கு முன்பே அது மேசையில் இருந்தது. அந்த 15 டாலரைக் கொடுத்தபோது எனக்கு மனத்தாங்கல் கொஞ்சமும் இல்லை.

கணக்கும் சொல்லிவிடுகிறேன். கடையில் 10 டாலருக்கு வாங்கிய ஒயினை டைனிங் ஹாலுக்குக் கொண்டுபோனால் மொத்தம் 25 ஆகிறது. அதே தரத்து ஒயின் கப்பல் பட்டியலில் 40 டாலரை ஒட்டி இருக்கும், அதன்மேல் 18 முதல் 20 சதவீதம் சேவைக் கட்டணம். ஆக, மிச்சம்தான். ஆனாலும் 10 டாலர் ஒயினைத் திறக்க 15 டாலர் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அதைப் பால்கனியில் கடலைப் பார்த்துக்கொண்டே குடித்துவிடுங்கள். மேசைக்குக் கொண்டுபோவதாக இருந்தால், கப்பல் பட்டியலில் இல்லாத, உங்களுக்கு ஏதோ ஒரு காரணத்தால் பிடித்துப்போன பாட்டிலாக இருக்கட்டும். டெக்சாஸ் மண்ணில் விளைந்த திராட்சையின் ஒயினைக் கரீபியன் கப்பலின் பட்டியலில் எங்கே போய்த் தேடுவது?

இன்னொன்று, எனக்கு முக்கியமானது. இந்தக் கட்டணத்துக்காகச் சர்வரிடம் சத்தம் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். விதியை எழுதியவர் அவர் இல்லை. ஆறு மாதம், எட்டு மாதம் என்று ஒப்பந்தத்தில் வந்து, வார விடுமுறைகூட இல்லாமல் வேலை செய்கிறவர். கப்பலில் ஒயின் வாங்கினால் விலையோடு சேவைக் கட்டணமும் சேர்ந்து போகிறது. நம் பாட்டிலைத் திறக்கும்போது அது குறைந்துபோகிறது, இல்லையென்றால் வராமலே போகிறது. அதனால் நீங்களாகக் கையில் ஏதாவது கொடுங்கள்.

சரி, எங்கே எனக்கு ஒப்புதல் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நார்வீஜியன் கப்பல்களில் ஏறும்போதே பாட்டிலுக்கு 15 டாலர், ஒன்றரை லிட்டர் பாட்டிலுக்கு 30 டாலர் என்று வாங்கிவிடுகிறார்கள். அதை நீங்கள் கேபினில் குடித்தாலும் அதே தொகைதான். யாரும் பாட்டிலைத் திறந்து தரவில்லை, யாரும் கிளாஸ் கழுவவில்லை, பிறகு எதற்குப் பணம்? எத்தனை பாட்டில் வேண்டுமானாலும் கொண்டுபோகலாம் என்பது அவர்கள் பக்கத்துச் சலுகை. நண்பர்களோடு போய் ஏழெட்டு பாட்டில் கொண்டுபோகிறவர்களுக்கு அது வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் செய்யாத வேலைக்குக் கூலி கேட்பது எந்தச் சலுகையாலும் நியாயமாகிவிடாது. எம்.எஸ்.சி. என்ற கப்பல் நிறுவனம் வெளியிலிருந்து மதுவே கூடாது என்கிறது. அதுகூட எனக்குப் பரவாயில்லை, வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறார்கள்.

வேறு வழியில் நடத்த முடியாதா என்றால், முடியும். வைக்கிங் கப்பல்களில் கார்க்கேஜே கிடையாது, மேசைக்கே எடுத்து வரலாம். 18 வயதுக்குக் கீழே யாரையும் ஏற்றாத கப்பல், டிக்கெட் விலையும் அதிகம், அதனால் அவர்களுக்குக் கட்டுப்படியாகிறது என்று சொல்லலாம். ஆனால் குடும்பத்தோடு போகும் டிஸ்னியைப் பாருங்கள். ஏறும் இடத்தில் மட்டுமில்லை, ஒவ்வொரு துறைமுகத்திலும் 21 வயதானவர்கள் ஆளுக்கு இரண்டு பாட்டில் ஒயின் அல்லது ஆறு பீர் கொண்டுவர விடுகிறார்கள். சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவந்தால்தான் கட்டணம். இதுதான் சரியான முறை.

நன்றி நாள் விடுமுறைக்குக் கிளம்புகிற நண்பர்களுக்கு: பாட்டிலைப் பெட்டியில் போட்டு அனுப்பாதீர்கள், எக்ஸ்ரேயில் மாட்டி எடுத்து வைத்துவிடுவார்கள். அட்டைப்பெட்டி ஒயின் கூடாது. மெக்சிகோவின் கோசுமெல் தீவில் இறங்கி வாங்கும் டெக்கீலாவைப் பொதுவாகக் கப்பலில் வாங்கி வைத்துக்கொண்டு பயணத்தின் கடைசியில்தான் தருவார்கள். திரும்பி வரும்போது ஒருவருக்கு ஒரு லிட்டர் வரைதான் சுங்க வரி விலக்கு. அது போக, கால்வெஸ்டனில் இறங்கியதும் டெக்சாஸ் மாநிலம் மதுவுக்குத் தனியாக வரி வாங்கும், சில்லறை வைத்திருங்கள். கட்டணங்கள் மாறிக்கொண்டே இருக்கும், கிளம்பும் முன் உங்கள் கப்பலின் விதியை ஒருமுறை படித்துவிடுங்கள்.

அப்புறம், ஏறும்போதே பணம் வாங்கும் கப்பலில் போகிறவர்களுக்குப் பயணம் முடிந்ததும் மின்னஞ்சலில் ஒரு கருத்துக் கேட்புப் படிவம் வரும், அதில் எழுதுங்கள். அதைப் படிக்கிறவர்கள்தான் இந்த விதியை மாற்றக்கூடியவர்கள். நான் எழுதி அனுப்பியிருக்கிறேன்.