போர்டு புடிச்சு நின்ன அஞ்சு புள்ளைங்க

அந்த போட்டோவ எல்லாரும் பாத்திருப்பீங்க, ஞாயித்துக்கிழமையில இருந்து என் டைம்லைன் பூரா அதுதான். ராமநாதபுரம் பக்கம் அரியமான் கரையில நடந்த சர்ஃபிங் நிகழ்ச்சியில எங்க ஊரு பொம்பளப் புள்ளைங்க அஞ்சு பேரு வரிசையா சர்ஃபிங் போர்டு, அதான் கடல்ல ஏறி நிக்குற பலகை, புடிச்சு நிக்குதுங்க, மேல பேனர்ல கொட்டை எழுத்துல பெண் சக்தி. நானும் ஹார்ட் போட்டேன், பொய் சொல்லல. சாயங்காலம் அக்கா மகள்ட்ட எப்புடிடி இருந்துச்சுன்னு கேட்டா, "நாங்க எறங்கவே இல்ல சித்தி, போட்டோ எடுத்துட்டு போர்ட வாங்கிக்கிட்டாங்க"ங்குறா. போட்டோவ பெருசு பண்ணிப் பாருங்க, ஒருத்தி சுடிதார் ஓரம்கூட நனையல.

நிகழ்ச்சி நடத்துனவங்க மைக்ல பேசுனாங்களாம், பெண்களோட கடல் பயத்தப் போக்கணும்னு. யார்ட்ட வந்து பேசுறீங்க? எங்கம்மா முப்பது வருசமா கடல்பாசி எடுக்கப் போறவங்க. சேலைக்கு மேல பழைய சட்டை, விரல்ல துணி சுத்து, கால்ல தகடு, கண்ணாடி மாட்டி மூச்சடக்கி முங்குனாங்கன்னா பை நெறஞ்சாத்தான் கரை. எங்களுக்குக் கடல் தெரியும்ங்க. போர்டுதான் இல்ல. அதக் குடுத்து, தண்ணியில எறக்கி, நாலு தடவ விழுந்து எந்திரிக்க விடுங்க, அம்புட்டுதான் கேக்குறேன்.

இலவசமா செய்றவங்களையும் கொற சொல்றியான்னு வருவீங்க. புள்ளைங்களும் மூஞ்சிய இலவசமாத்தான் குடுத்துச்சுங்க.

பாதுகாப்பா? சரி, லைஃப் ஜாக்கெட் மாட்டி எறக்குங்க. வெளியூர்ல இருந்து வந்தவங்க எறங்குனாங்களே, அதுல எத்தன பேருக்கு நீச்சல் தெரியும்? இங்க கோவளம், மாமல்லபுரம் மாதிரி அலையும் கெடையாது, இலங்கை குறுக்க கெடக்குறதால பெரிய அலை இங்கிட்டு வர்றதில்ல, காத்துல கைட்டு கட்டி ஓட்டுறதும் துடுப்பு போட்டு நின்னுக்கிட்டே போறதும்தான் இங்க சர்ஃபிங். பழகுறதுக்கு இதவிட நல்ல எடம் எங்க இருக்கு? அமைதியா இருக்குன்னு இந்தப் பக்கத்துக்குப் பெண்கடல்னே பேரு வச்சிருக்காங்க. பேரு வச்ச புண்ணியவான் வாடை அடிக்கும்போது வந்து பாக்கல போல.

ரெண்டு வருசம் முன்னாடி நானே காசு கட்டி ஒரு மணி நேரம் கத்துக்கப் போனேன். விழுந்ததெல்லாம் சந்தோசம். அப்புறம் ஈரத்துணி மாத்த எடமில்ல. கரையில ஏத்திக் கெடந்த வள்ளத்துக்குப் பின்னாடி, துண்டப் பல்லுல கடிச்சுக்கிட்டு மாத்துனேன், அங்கிட்டு நாலு பேரு கையில போனு. அதுக்கப்புறம் போகல. நாலு கம்பும் ஒரு தார்ப்பாயும் இருந்தா முடியுற வேல. பேனருக்கு எவ்வளவு ஆயிருக்கும்?

"உங்க ஆளுங்களே விட மாட்டாங்களே"ன்னு ஒருத்தர் இன்பாக்ஸ்ல. உண்மைதான், மறைக்கல. பதினேழு வயசுல தெர்மாக்கோல் மேல ஏறி நின்னேன்னு எங்க பெரியப்பா கரையில வச்சே அடிச்சாரு. கருத்துப் போவ, எவன் கட்டுவான்னாரு. எங்கம்மா முப்பது வருசமா வெயில்ல கருக்குறது அவரு கண்ணுல படவே இல்ல, அந்தப் பாசிக் காசத்தான் அவரும் கைமாத்து வாங்குவாரு. இத எழுதுறதுக்கு வீட்டுல என்ன நடக்கும்னு தெரியும், நடக்கட்டும். ஆனா அவரு விட மாட்டாருங்குறது நீங்க எறக்காம விட்டதுக்குக் காரணம் ஆவுமா? அஞ்சு பேரும் வீட்டுல கேட்டுக்கிட்டுத்தான வந்துச்சுங்க, மாத்துத்துணி வேற எடுத்துக்கிட்டு!

டோக்கியோ ஒலிம்பிக்ல மொத மொதலா சர்ஃபிங் வச்சப்ப, 2021ல, ஆம்பள 20 பொம்பள 20ன்னு சரிசமமா எறக்குனாங்க. சர்ஃபிங்ல பேரெடுத்த மாமல்லபுரத்து கமலி மீனவக் குடும்பத்துப் பொண்ணுதான். இதெல்லாம் மேடையில சொன்னாங்களாம். சொல்லிட்டு பிரியாணி பொட்டலம் குடுத்து அனுப்பியாச்சு.

அக்கா மக நேத்து கேக்குறா, "சித்தி, அந்த போர்டு பாக்கத்தான் பெருசு, கனமே இல்ல, தெரியுமா?"