வண்டி நின்றால் சங்கம் ஓடும்

(மேற்கு மாம்பலத்தில் ஒரு வீட்டு வாசல். உறை போர்த்திய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார், அதன் மேல் தூங்கும் பூனை. பழைய கார் சங்கத்தின் செயலாளரான ஃபியட்காரர் ரசீதுப் புத்தகத்தோடு வருகிறார். பார்த்ததுமே ஹெரால்டுகாரர் செய்தித்தாளுக்குப் பின்னால் மறைகிறார்.)

ஃபியட்காரர்: சார், அது நேற்றைய பேப்பர்.

ஹெரால்டுகாரர்: நேற்று முடிக்கவில்லை, தம்பி. சந்தாவா?

ஃபியட்காரர்: சந்தா அப்புறம். போன மாதக் கூட்டத்துக்கு ஏன் வரவில்லை? ஓட்டலில் அறை எடுத்து 40 பேருக்கு வடை சொல்லியிருந்தேன்.

ஹெரால்டுகாரர்: எத்தனை பேர் வந்தார்கள்?

ஃபியட்காரர்: என்னோடு சேர்த்து 4. அதிலும் ஒருவர் பில்லை நீட்ட வந்த சர்வர்.

ஹெரால்டுகாரர்: மீதி வடை?

ஃபியட்காரர்: வடையை விடுங்கள் சார்! சங்கம் படுத்துவிட்டது.

ஹெரால்டுகாரர்: வந்துதான் என்ன? அம்பாசடர்காரர் எழுந்து, தன் கார் 2014 வரை தயாரானது என்பார். அது வங்காளத்து உத்தர்பாராவில் செய்தது, ஹெரால்டு நம்ம வண்டலூரில் செய்தது, நாலு கதவு ஹெரால்டு உலகத்திலேயே இந்தியாவில் மட்டும்தான் உண்டு என்பேன் நான். அப்புறம் சண்டை, அப்புறம் காபி. இதே சண்டையை எத்தனை வருஷம் போடுவது?

ஃபியட்காரர்: அதற்குத்தான் ஆளுக்கொரு பதவி தரப் போகிறேன். நீங்கள் இணைத் துணைச் செயலாளர்.

ஹெரால்டுகாரர்: என்ன வேலை?

ஃபியட்காரர்: வேலை எதுவும் இல்லை சார்.

ஹெரால்டுகாரர்: அதைத்தானே இப்போதும் செய்துகொண்டிருக்கிறேன்!

ஃபியட்காரர்: சரி, 50 வயது தாண்டிய கார்களுக்கு 2021-இல் வின்டேஜ் பதிவு கொண்டுவந்தார்களே. எல்லோருமாகச் சேர்ந்து விண்ணப்பிப்போமா? நம்பரில் வி.ஏ. என்று வரும். கௌரவம்!

ஹெரால்டுகாரர்: அப்புறம் தினமும் ஓட்டக் கூடாதாமே? கண்காட்சி, பேரணி, பெட்ரோல், ரிப்பேர், அவ்வளவுதானாம். நான் கீரை வாங்க எப்படிப் போவேன்?

ஃபியட்காரர்: நீங்கள் என்றைக்கு சார் காரில் கீரை வாங்கினீர்கள்?

ஹெரால்டுகாரர்: வாங்கியதில்லை. நாளைக்கே தோன்றினால்?

ஃபியட்காரர்: (படியில் உட்கார்ந்து) ஒன்று கேட்கிறேன். சித்திரை வெயிலில் கோவளம் தாண்டி என் ஃபியட் நின்றதே, அன்று மட்டும் எப்படி 11 பேர் ஓடி வந்தீர்கள்?

ஹெரால்டுகாரர்: மனுஷன் ரோட்டில் நிற்கிறான், வராமல்?

ஃபியட்காரர்: அது வெறும் வேப்பர் லாக். சூட்டில் பெட்ரோல் ஆவியாகி லைன் அடைத்துக்கொண்டது. பம்பு மேல் ஈரத்துணி போட்டுப் பத்து நிமிடம் ஆறவிட்டால் போதும். துணியோடு நின்றேன். அதற்குள் நீங்கள், பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்தீர்கள்.

ஹெரால்டுகாரர்: உள்ளே மின்சாரத்தை விட்டு விட்டுத் தரும் பாயிண்டில் கரி! தீப்பெட்டிப் பட்டையால் தேய்த்து, இடைவெளி 15 தவ், அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு, வைத்தேன். இன்றுவரை ஓடுகிறதா இல்லையா?

ஃபியட்காரர்: அம்பாசடர்காரர் கார்புரேட்டரைக் கழற்றினார். யாரோ புளியோதரை கொண்டுவந்தார்கள். பத்து நிமிட வேலை நாலு மணி நேரம் ஆனது.

ஹெரால்டுகாரர்: அருமையான நாள், தம்பி.

ஃபியட்காரர்: கேட்காமலே 3 பேர் சந்தா கொடுத்த நாள்! அதனால்... (குரலைத் தாழ்த்தி) வரும் ஞாயிறும் என் கார் நிற்கும். திருவான்மியூரில், நல்ல மர நிழலில், காலை 7 மணிக்கு, வேப்பர் லாக்.

ஹெரால்டுகாரர்: காலை 7 மணிக்கு, நிழலில், வேப்பர் லாக்! எவன் நம்புவான்?

ஃபியட்காரர்: டிஸ்ட்ரிபியூட்டரில் கண்டன்சர் போய்விட்டது என்று சொன்னால்?

ஹெரால்டுகாரர்: ம், அது எந்நேரமும் போகும். ஆனால் ஃபியட் சரிப்படாது. பானெட்டுக்குள் ரெண்டு தலைதான் நுழையும். ஹெரால்டு என்றால் முன்பக்கம் முழுசாக முன்னால் சாயும். டயர் மேல் உட்கார்ந்தே எஞ்சினைப் பார்க்கலாம். ஆறு பேர் சுற்றி நின்று யோசனை சொல்லலாம்.

ஃபியட்காரர்: அப்படியானால் உங்கள் கார் நிற்கட்டுமே.

ஹெரால்டுகாரர்: என் கார் நிற்காது.

ஃபியட்காரர்: சும்மா நடிப்புக்கு சார்.

ஹெரால்டுகாரர்: நடிப்புக்கும் நிற்காது! இப்போதே பார்.

(உறையை உருவுகிறார். பூனை ஓடுகிறது. உட்கார்ந்து சாவியைத் திருகுகிறார். 'டக்'. மறுபடி 'டக்'. அவ்வளவுதான். இறங்கிப் பானெட்டைச் சாய்க்கப் போகிறார். ஃபியட்காரர் ஓடிவந்து அதன் மேல் விழுந்து அணைத்துக்கொள்கிறார்.)

ஃபியட்காரர்: தொடாதீர்கள் சார்! இன்று செவ்வாய். ஞாயிறு வரை அப்படியே இருக்கட்டும்!

ஹெரால்டுகாரர்: பேட்டரிதான், தம்பி! ஒரு நிமிட வேலை!

ஃபியட்காரர்: அதையே 40 பேருக்கும் பங்கு வைக்கிறேன். இங்கேயே, உங்கள் வாசலில்.

ஹெரால்டுகாரர்: (நெடுநேரம் யோசித்து) சரி. ஆனால் அந்த அம்பாசடர்காரர் என் கார்புரேட்டரில் கை வைக்கக் கூடாது.

ஃபியட்காரர்: அதைப் பார்த்துக்கொள்வதுதான் சார் உங்கள் பதவி.

(ஹெரால்டுகாரர் பர்ஸை எடுக்கிறார்.)