மலையை விடுங்கள், மாதத்தைச் சொல்லுங்கள்

"லீவுக்கு எந்த மலைக்குப் போகலாம்?" எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மார்ச் கடைசியானால் இந்தக் கேள்வி வந்துவிடும். பெரியப்பா ஊட்டி என்பார். சித்தி கொடைக்கானல் என்பார். தம்பி ரீல்ஸில் பார்த்த ஏதோ ஓர் அருவியின் பெயரைச் சொல்வான். நான்கு நாள் சண்டைக்குப் பிறகு ஊட்டிதான் ஜெயிக்கும்.

அப்படித்தான் ஒரு மே மாதம் திருச்சியிலிருந்து விடிகாலை நான்கு மணிக்குக் கிளம்பினோம். சீசன் நேரத்தில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறுகிற வண்டிகளைக் குன்னூர் வழியாகவும் இறங்குகிற வண்டிகளைக் கோத்தகிரி வழியாகவும் விடுவார்கள். அப்படியும் பர்லியார் தாண்டியதும் வரிசை நின்றுவிட்டது. பின் சீட்டில் மகன் இரண்டு முறை வாந்தி. மாமியாருக்கு முட்டி மடக்கி வைத்து மரத்துப்போனது. போய்ச் சேர்ந்தால், போனில் பேசிய வாடகை ஒன்று, விடுதிக்காரர் கேட்டது இன்னொன்று. மலர்க் கண்காட்சியில் பூவைவிட முதுகைத்தான் அதிகம் பார்த்தேன்.

தப்பு ஊட்டி மேல் இல்லை. நாங்கள் போகத் தேர்ந்தெடுத்த மாதம்தான் தப்பு. நமக்கும் லீவு, கேரளாக்காரர்களுக்கும் லீவு, கர்நாடகாவுக்கும் லீவு. மூன்று மாநிலமும் ஒரே மலையில் ஏறினால் அது என்ன செய்யும்? உயர் நீதிமன்றம் சொல்லித்தான் 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாளில் 6000 வண்டி, வார இறுதியில் 8000 என்று வரம்பும் வைத்தார்கள். புலம்புகிறவர்கள் புலம்பட்டும், எனக்கு இதில் வருத்தமே இல்லை.

சரி, கூட்டம் பிடிக்காதென்று மே மாதம் ஏலகிரிக்குப் போனவர்கள் "அங்கேயும் வேர்க்குதுப்பா" என்று திரும்பி வருகிறார்கள். வேர்க்கத்தான் செய்யும். ஆயிரம் மீட்டர் ஏறினால் தோராயமாக ஆறு, ஏழு டிகிரி குறையும், அவ்வளவுதான். ஏலகிரி ஏறக்குறைய 1100 மீட்டர். கீழே வேலூர்ப் பக்கம் நாற்பது அடித்தால் மேலே முப்பத்து மூன்று. ஏற்காடு 1500 மீட்டர், கொஞ்சம் தேவலை. ஸ்வெட்டர் போடும் குளிர் வேண்டுமென்றால் 2000 மீட்டர் தாண்ட வேண்டும். நம் ஊரில் அதற்கு ஊட்டியும் கொடைக்கானலும்தான். அதனால்தான் எல்லோரும் அங்கே முட்டிக்கொள்கிறோம்.

மழைக் கணக்கைத்தான் யாரும் பார்ப்பதில்லை. ஒரே நீலகிரிக்குள் மேற்கே ஒரு வானம், கிழக்கே வேறொரு வானம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை கூடலூர், அவலாஞ்சி பக்கம் கொட்டித் தீர்க்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. வால்பாறையும் அந்த மாதங்களில் நனைந்துகொண்டேதான் இருக்கும். அதே சமயம் மலைக்குக் கிழக்கே மறைவில் இருக்கும் கோத்தகிரியில் மேகமும் காற்றும் தூறலுமாக ஓடிவிடும். அக்டோபர், நவம்பரில் கதை தலைகீழ். வடகிழக்குப் பருவமழை கோத்தகிரி, குன்னூர், கொடைக்கானலைப் பிடித்துக்கொள்ளும். குன்னூர்ப் பாதையில் மண் சரியும், மலை ரயிலை நிறுத்துவார்கள். 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து எத்தனை உயிர் போனது என்பது அந்த ஊர்க்காரர்களுக்கு மறக்காது. தீபாவளி லீவுக்கு அங்கே அறை மலிவாகக் கிடைக்கிறதென்றால் காரணம் இதுதான்.

இதையெல்லாம் புரிந்துகொண்டு ஓர் ஆகஸ்ட் பதினைந்தை ஒட்டிக் கோத்தகிரியில் மூன்று நாள் தங்கினோம். ஊருக்குள் பார்க்க ஒன்றும் கிடையாது, அதுதான் அதன் அழகு. கோடநாடு காட்சி முனையில் முதலில் வெறும் வெள்ளை. கால் மணி நேரம் நின்றோம். மேகம் விலகியதும் கீழே மாயாறும் தெங்குமரஹடா கிராமமும் தெரிந்தன. மாமியார் வண்டியிலிருந்து இறங்கி நாலு எட்டு நடந்ததோடு சரி, அவருக்கு அதுவே போதுமாக இருந்தது. மாலையில் டீ, வர்க்கி. வேறென்ன வேண்டும்?

மாதம் முடிவானதும் கூட வருகிறவர்களின் முட்டியையும் வயிற்றையும் பாருங்கள். கொல்லிமலைக்குக் காரவள்ளி வழியாக 70 கொண்டை ஊசி வளைவு, வால்பாறைக்கு 40, ஏற்காட்டுக்கு 20. கொல்லிமலை ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கு மேல் படி. இறங்கும்போது எல்லோரும் வீரர்கள்தான், ஏறும்போது தெரியும். வாந்தி எடுக்கும் பிள்ளைக்கு மேட்டுப்பாளையத்து மலை ரயில் நல்லது. 46 கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் ஆனாலும் பல்சக்கரத்தில் மெல்ல ஏறுவதால் வயிறு கலங்காது. டிக்கெட்டை மட்டும் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருக்கிறார்களே என்பீர்கள். எங்கள் வீட்டிலும்தான். காலாண்டு லீவு இருக்கிறது, அரையாண்டு லீவு இருக்கிறது. மேயை விட்டால் வழியே இல்லையென்றால் செவ்வாய், புதனில் போய்விட்டு வாருங்கள்.

அப்புறம், இந்த அரையாண்டு லீவுக்கு மாமியாரே ஊட்டி கேட்கிறார். தலைக்குந்தாவில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி படிந்திருப்பதை டிவியில் காட்டினார்களாம். விடிவதற்கு முன் போய் நிற்க வேண்டும், வெயில் ஏறினால் போய்விடும் என்றேன். "நான் நாலு மணிக்கே எந்திரிச்சிடுவேன், உன் புருஷனை எழுப்பு" என்கிறார். முட்டிக்கு உல்லன் உறை வாங்க வேண்டும்.